வியாழனாக இருந்த மனிதனும் அவனைக் கற்றோரும்

ஒரு நாவலைப் படித்தோர் அதனைப்பற்றிக் கூறும் கருத்துக்கள் ஒன்றோடொன்று முரணுதல் புதுமையன்று. ஆயின், ஒரே நூலை ஒருவர் வேடிக்கைக் கதையென்றும், வேறொருவர் துப்பறியும் கதையென்றும், மூன்றாமவர் சமயதத்துவ விசாரமென்றும், நான்காமவர் உறக்கத்தைக் கெடுக்கும் கொடுங்கனவென்றும் கொள்வதும், அந்நால்வர்க்கும் நூலினகத்தே போதிய சான்று கிடைப்பதும் அரிதினும் அரிது. ஆங்கில எழுத்தாளர் கில்பேட் கீத் செஸ்டர்ட்டன் 1908ஆம் ஆண்டில் வெளியிட்ட ‘வியாழனாக இருந்த மனிதன்’ என்னும் நாவல் அத்தகையது. பனியன் எழுதிய ‘மோட்சப் பிரயாணம்’ போன்றதொரு நூலை டிக்கின்சின் ‘பிக்விக்’ நடையிலே எழுதித் தருமாறு பதிப்பாளர் ஒருவர் கேட்டுக்கொண்டாற்போல் உள்ளது என இதனை றொனால்ட் நொக்ஸ் வருணித்தார். நகைச்சுவையாகச் சொல்லப்பட்டதேனும் அவ்வருணனை நூலின் இரு கூறுகளையும் சரியாகவே தொட்டுக் காட்டுகின்றது.

நூலைப் படியாதாரும் பின்வரும் வழக்கை விளங்கிக்கொள்ளும்பொருட்டுக் கதையின் போக்கை ஈண்டுச் சுருங்கக் கூறுதல் வேண்டும். இலண்டன் மாநகரின் மேற்றிசைப் புறநகர் ஒன்றிலே கேப்ரியல் சைம், லூசியன் கிரெகரி என்னும் கவிஞர் இருவர் வாதிடுகின்றனர். கவிஞன் இயல்பாகவே அராசகவாதி என்பது கிரெகரியின் கட்சி. ஒழுங்கே உலகில் மிக அரிய கவிதை, புகைவண்டி குறித்த நிலையத்தைக் குறித்தபடி சென்றடைவதே வியப்பு என்பது சைமின் கட்சி. தன் கொள்கை வெறும் பேச்சன்று எனக் காட்ட விரும்பிய கிரெகரி, பொலிசாருக்குச் சொல்வதில்லை என்று சைமிடம் வாக்குப் பெற்றுக்கொண்டு, அராசகவாதிகளின் நிலவறைக்கு அவனை அழைத்துச் செல்கின்றான். அங்கே, தானே ஒரு துப்பறியும் பொலிஸ் உத்தியோகத்தன் என்பதைச் சைம் வெளியிடுகின்றான். அதற்கு முன் அவனும் கிரெகரியிடம் வாக்குப் பெற்றுக்கொள்ளத் தவறவில்லை. கூட்டம் தொடங்கியதும் கிரெகரிக்குக் கிடைக்க இருந்த ‘வியாழன்’ என்னும் பதவியைச் சைம் தன் நாவன்மையாற் கவர்ந்துகொள்கின்றான். வாரத்தின் ஏழு நாட்களையும் பெயராகப் பூண்ட எழுவரைக்கொண்டது அராசகவாதிகளின் தலைமைச் சபை. அதன் தலைவனுக்கு ‘ஞாயிறு’ என்று பெயர். மலைபோன்ற உடலும், எவரையும் ஊடுருவும் கண்ணும், விளங்கிக்கொள்ள இயலாத சிரிப்பும் உடையவன் அவன்.

உருசியச் சக்கரவர்த்தியையும் பிரான்சிய சனாதிபதியையும் பாரிசிலே கொல்லச் சபை சதிசெய்கின்றது. அதைத் தடுக்க முயலும் சைம், சபையோர் ஒவ்வொருவரையும் கொடிய பகைவனென்று அஞ்சுகின்றான். ஆனால், ஒருவர்பின் ஒருவராக அவர்களின் வேடங் கலையும்போது, ஒவ்வொருவரும் தன்னைப்போன்ற பொலிசாரே என்பதைக் காண்கின்றான். இருளடைந்த அறையொன்றிலே, முகங்காட்டாத ஒருவராலேயே அவர்கள் அறுவரும் வேலைக்கு அமர்த்தப்பட்டவர்கள். இறுதியில் அந்த முகங்காட்டா மனிதனும் ஞாயிறு என்னும் அராசகத் தலைவனும் ஒருவனே என்பது வெளியாகின்றது.

இந்நாவலின்மேல் வாசகர் வழக்கமாகக் கூறும் முதற் குற்றம் இதுவே: இரண்டாவது வேடங் கலைந்தவுடன் மூன்றாவதும் நான்காவதும் கலையுமென்று எவரும் ஊகித்துவிடுவர், ஊகித்தபின் பரபரப்பு ஏது? இக்குற்றச்சாட்டு மேலோட்டமாக நோக்குவார்க்கு மறுக்கவொண்ணாததாகவே தோன்றும். ஆனால் பரபரப்பு எங்கே இருக்கின்றது என்பதை இவ்வாசகர் பிறழவுணர்ந்தனர். துப்பறியும் கதையில் நண்பனென்று நம்பியவன் பகைவனாவான். செஸ்டர்ட்டன் அம்முறையைத் தலைகீழாக்கிப் பகைவனென்று அஞ்சியவனை நண்பனாக்கினார். பேராசிரியரின் வேடங் கலையும்போது வாசகனுக்கு ஆறுதல் உண்டாகின்றது. கிரெகரிக்குக் கொடுத்த வாக்கினால் எவரிடமும் உதவி கேட்கவியலாது தனிப்பட்டு நின்ற சைமுக்குத் துணையொருவன் கிடைத்தான் என்பதால் எழும் ஆறுதல் அது. ஒருவன் இருவராதல் எண்ணிக்கையில் ஒன்று கூடுதலன்று, உலகமே மாறிவிடுதல். இந்நூலில் உள்ளத்தை மிகத் தொடும் பகுதிகளுள் இதுவும் ஒன்று. வேடங்கள் மேன்மேலும் கலையக் கலைய ஆறுதல் வளரவேண்டுமன்றோ? வளரவில்லை. மாறாக, எல்லாரும் நண்பராயின் பகை யார் என்னும் புதியதோர் அச்சம் புகுகின்றது. ‘அடுத்தவன் யார்’ என்பதை வாசகன் ஊகித்துக் களிக்கும் அதே வேளையில், ‘இவர்களை இந்நிலைக்கு உள்ளாக்கியவன் ஏன் அவ்வாறு செய்தான்’ என்னும் வினா ஓசைபடாது வளர்ந்து நிற்கின்றது. அவ்வினாவை ஊகத்தால் விடுக்க முடியாது.

கதை நடவாதது, நம்பத்தகாதது என்பது இரண்டாவது குற்றச்சாட்டு. இதற்கு வரலாறே விடை தந்தது. அராசகவாதிகள்பற்றிய அச்சம் அக்காலத்தே வெறுங் கற்பனையன்று. 1894இல் கிறீனிச் வானாய்வுக் கூடத்தருகே குண்டு வெடித்தது. அவ்வாண்டிலேயே பிரான்சிய சனாதிபதி கார்னோ கொல்லப்பட்டார். 1901இல் அமெரிக்க சனாதிபதி மக்கின்லி சுடப்பட்டிறந்தார். கிறீனிச் நிகழ்ச்சியை வைத்து யோசெப் கொன்ராட் எழுதிய ‘இரகசிய முகவர்’ 1907இல் வெளிவந்தது. இவை பலரும் அறிந்தவை. செஸ்டர்ட்டனின் நாவல் வெளிவந்த மறு ஆண்டின் தொடக்கத்திலே உருசியாவிலிருந்து வந்த செய்தியே வியப்புக்குரியது. அந்நாட்டுப் புரட்சிக் கட்சியொன்றின் படுகொலைப் பிரிவுக்குத் தலைவனாக இருந்து, 1904இல் அமைச்சர் பிளேவேயும் 1905இல் செர்கேய் இளவரசரும் கொல்லப்படுதற்கு ஏற்பாடு செய்த யெவ்னோ அசெப் என்பவன், பல்லாண்டுகளாகப் பொலிசாரிடம் சம்பளம் வாங்கிய ஒற்றன் என்பது அப்பொழுது அம்பலமாயிற்று. சதிகாரர் தலைவனும் பொலிசின் ஆளும் ஒருவனே! நம்பத்தகாததென்று இலண்டன் வாசகர் நகைத்ததைச் சென்பீற்றேர்சுபேர்க் நகரத்தார் செய்தித்தாளிற் படித்தனர். ஆயினும் அசெப்பின் வரலாற்றில் மாண்டவர் மெய்யாகவே மாண்டனர். நாவலிலோ சதி ஒன்றேனும் நிறைவேறவில்லை. இவ்வேறுபாடு பின்னர்ப் பயன்படும்.

ஞாயிறு என்பவன் யார்? நூலைப் பற்றி எழுந்த கருத்துக்களிற் பெரும்பாலானவை இவ்வொரு வினாவையே சுற்றிவருகின்றன. இதில் வேடிக்கை யாதெனில், அவ்வினாவைப்பற்றிய முதல் விமர்சனக் கூட்டம் நூலின் உள்ளேயே நடந்தேறிவிடுகின்றது. தலைவனைத் துரத்திச் செல்லும் அறுவரும் வழிநடை வருத்தத்துக்கிடையே ஒவ்வொருவராகத் தத்தம் கருத்தைக் கூறுகின்றனர். செயலாளனான திங்கள், உயிர்களின் அடித்தளத்தே கிடக்கும் உருவற்ற கூழ்ப்பொருளை அவனிடங் கண்டு நடுங்கினான். மருத்துவர் புல் அவனைப் பருத்தும் இலேசாகவும் இருக்கும் பலூனாகக் கண்டு விரும்பினார். மற்றொருவரை வெருட்டியது அவன் கண்ணிலிருந்த பராமுகம். பேராசிரியர் வேடம் பூண்டவருக்கு அவன் முகம் முகமாகவே நிலைபெறவில்லை. நண்பகலிற் கதிரவனை நோக்கலாகாதது போல அவனை நினைக்கவே கூடாதென்பது கோகொலின் விரதம். (தமிழிற் படிப்பார்க்கு ‘ஞாயிறு’ என்ற பெயரிலேயே இவ்வுவமை அடங்கிக் கிடப்பது ஆங்கில வாசகர்க்குக் கிட்டாத ஓர் இன்பம்.) சைமோ, அவனைப் பின்புறத்தே கண்டபொழுது விலங்கென்றும், முன்புறத்தே கண்டபொழுது தேவனென்றும் எண்ணியதாகக் கூறி, உலகனைத்தையும் மனிதர் பின்புறத்திலிருந்தே பார்க்கின்றனர் போலும் என்று முடிக்கின்றான். அந்தகர் யானை கண்ட கதை எவர்க்கும் நினைவில் எழும். அதற்குச் சற்று முன்னரே ஞாயிறு விலங்குக் காட்சிச்சாலை யானையொன்றின்மேல் ஏறி இலண்டன் வீதிகளிலே தப்பியோடுகின்றான் என்பது எழுத்தாளர் கருதியமைத்ததோ, தற்செயலோ, எப்படியாயினும் பொருத்தமானதே.

நூலுக்கு வெளியேயுள்ள வாசகரிற் பெரும்பாலோர் இவ்வறுவரினும் துணிவுடையவர். ஞாயிறு கடவுளே என்று ஒரே சொல்லில் முடித்துவிட்டனர். இச்சமன்பாட்டை ஏற்று மகிழ்ந்தோரும் உளர்; கடவுளைக் கோமாளியாக்கினார் எனச் சினந்தோரும் உளர். எழுத்தாளர் இதனை இருமுறை மறுத்தார். 1936 யூன் 13ஆந் திகதி, அதாவது தாம் இறப்பதற்கு முதல்நாள், செய்திப் பத்திரிகையொன்றில் வெளிவந்த கட்டுரையில், நூலைப் படித்தோர் அதன் தலைப்பைப் படிக்கவில்லை என்று குறைப்பட்டார். தலைப்பின் கீழே ‘ஒரு கொடுங்கனவு’ என்னும் உபதலைப்பு இருந்தது. அக்காலத்து நம்பிக்கையற்றோர் உலகை எவ்வாறு கண்டனரோ அவ்வாறே வருணித்து, அவ்வையத்தினிடையே சிறிதோர் ஒளிக்கீற்றைக் காட்டுவதே தம் நோக்கமென்று விளக்கினார். அவர் இறந்தபின் அவ்வாண்டிலேயே வெளிவந்த சுயசரிதையிலோ, ஞாயிறு சமயங் கூறும் கடவுளல்லன் என்றும், துயரக் கொள்கையிலிருந்து விடுபடத் துடிக்கும் ஒருவன் கண்ணுக்குப் புலப்படும் இயற்கையே என்றும் கூறப்பட்டுள்ளது. கத்தோலிக்க நாவல் என்று இதற்குப் பெயரிடுவோரும் ஒன்றை மறந்துவிடுகின்றனர். செஸ்டர்ட்டன் கத்தோலிக்கத் திருச்சபையிற் சேர்ந்தது 1922இலேயே. நாவல் அதற்குப் பதினான்கு ஆண்டுகள் முந்தியது.

எனினும் ஆசிரியன் கூற்றே முடிந்த முடிபு என்று கொள்ளுதலும் தகாது. இருபத்தெட்டு ஆண்டுகளின் பின் ஒருவர் தம் இளமை நூலுக்கு எழுதும் உரை, மதிக்கத்தக்க ஓர் உரையே, மூலமாகாது. இயற்கைதான் ஞாயிறென்றால், இறுதிக் காட்சியில் அவன் வாயிலிருந்தோ வானத்திலிருந்தோ கேட்கும் குரல், தன் துன்பப் பாத்திரத்தை அருந்த இயலுமோவென்று யேசு சீடரைக் கேட்ட சுவிசேட வசனமாக அமைந்தது எதனால்? இயற்கை அவ்வாறு பேசாது. 1907இல், அஃதாவது நாவலுக்கு ஓராண்டு முன்னர், விவிலியத்தின் யோபு சரித்திரத்துக்குச் செஸ்டர்ட்டன் ஒரு முன்னுரை எழுதினார் என்பதையும் இங்கே கருதல் வேண்டும். குற்றமற்ற யோபு ஏன் துன்புற்றான் என்ற வினாவுக்கு அந்நூலில் இறைவன் விடை தரவில்லை; வினாக்களையே திருப்பித் தந்தான். ஞாயிறும் துரத்துவோரை நோக்கிப் பொருளற்ற கடிதத் துண்டுகளை எறிகின்றான். இவை ஒரே மரத்துக் கிளைகள் என்பது வெள்ளிடைமலை.

பெயர்பெற்ற எழுத்தாளரும் இந்நூலின் வாசகர் வரிசையில் உளர். கிங்ஸ்லி ஏமிஸ் இதனினும் விறுவிறுப்பான நூலைத் தாம் படித்ததில்லை என்று பாராட்டினார். பிரான்ஸ் காஃப்கா இதனைப் படித்து, கடவுளையே கண்டுகொண்டவர் என்று எண்ணத் தோன்றுமளவுக்கு எழுத்தாளர் களிப்புடையவர் என்றாராம். இது குஸ்டாவ் யனூக் என்பவர் பிற்காலத்தே நினைவிலிருந்து எழுதியது. அவருடைய நினைவின் உறுதியை ஆராய்ச்சியாளர் ஐயுறுகின்றனர். 1946இல் சி. எஸ். லூயிஸ் இந்நாவலையும் காஃப்காவின் நூல்களையும் ஒப்பிட்டு, உலகத்தோடு தனியே போராடும் மனிதனின் திகைப்பு இரண்டினும் உண்டென்றும், செஸ்டர்ட்டனிடத்தில் அத்தோடு போராட்டத்தின் உற்சாகமும் உண்டென்றும் எழுதினார். ஆர்யென்றீன எழுத்தாளர் போர்கெஸ் இதற்கு நேர்மாறானவர். காஃப்காவாக ஆகாதபடி தம்மைத் தாமே தடுத்துக்கொண்டவர் செஸ்டர்ட்டன் என்பதும், அவர் களிப்பின் அடியிலே இருண்ட ஒன்று என்றும் கிடந்தது என்பதும் அவர் கணிப்பு. லூயிஸ் மேலே நின்று நோக்கினார். போர்கெஸ் கீழே இறங்கி நோக்கினார். நாவலின் இறுதி அத்தியாயத்தைப் படித்தபின் போர்கெஸ் கூறியதே உண்மைக்கு அண்மையதென்று துணியத் தோன்றும்.

அவ்வத்தியாயத்திலே, படைப்பின் ஏழு நாட்களுக்கேற்ற அங்கிகளைப் பூண்டு அறுவரும் ஞாயிறும் அரியணைகளில் அமர்ந்திருக்க, கிரெகரி வருகின்றான். நூல் முழுவதிலும் மெய்யான அராசகவாதி அவன் ஒருவனே. யோபு சரித்திரத்திலே தேவசபையிற் சாத்தான் வந்து நின்றவாறு அவன் வந்து நிற்கின்றான். அவன் சாற்றும் குற்றம் எளியது. ஆள்வோர் கொடியவர் என்பதன்று. ஆள்வோர் துன்பமறியாப் பத்திரத்தில் இருப்பவர் என்பதே. கீழே இறங்கித் துன்புறாத அதிகாரத்தை எவ்வாறு மன்னிப்பது? சைம் பதைத்தெழுந்து விடை பகர்கின்றான்: தாம் அறுவரும் தனித்து அஞ்சி அலைக்கழிந்ததெல்லாம் இச்சொல்லைப் பொய்யென்று கூறும் உரிமையைப் பெறுவதற்கே, ஒழுங்கின் பக்கம் நிற்பவனும் கலகக்காரனைப்போல் தனிமையையும் துன்பத்தையும் சுவைத்தல் வேண்டும் என்பதற்கே.

வாசகர் பிரிவது இவ்விடத்திலேதான். ஒருசாரார் இவ்விடையைக் கேட்டு உருகுகின்றனர். மறுசாரார் ஏமாற்றமடைகின்றனர், ‘இவர்கள் எங்கே துன்புற்றனர்? ஆறு பொலிசார் ஒருவரையொருவர் துரத்தி விளையாடினர். ஒரு குண்டேனும் வெடிக்கவில்லை’ என்கின்றனர். இவ்விரு சாராரின் பிணக்கு இலக்கிய நயம்பற்றியதன்று. பொய்யான காரணத்தினால் எழுந்த அச்சம் மெய்த்துன்பமாகுமா என்னும் பழைய வினாபற்றியது. கயிற்றை அரவென்று கண்டு நடுங்கிய கதையைக் கேளாத தமிழ் மாணாக்கன் இல்லை. விளக்கைக் கொண்டுவந்தவுடன் பாம்பு இல்லாதொழிகின்றது. ஆனால் அதற்கு முன் வேர்த்த உடம்பும் துடித்த நெஞ்சும் இல்லாதனவாகவில்லை. பாம்பு பொய், நடுக்கம் மெய். சைம் பாரிசை நினைந்து பட்ட வேதனைக்கு, பாரிசிலே ஒன்றும் நடவாமை மாற்றாகாது. இவ்வளவில் ஏமாற்றமடைந்தோர் கட்சி தோற்றதென்றே கொள்ளல் வேண்டும்.

ஆயின் அவர்களது மனக்குறையில் தள்ளவியலாத பகுதியொன்றும் உண்டு. அரவைக் கண்டு அஞ்சியவன் வேறு. அரவு தீண்டியவன் வேறு. சைமின் விடை முன்னவனுக்கு மட்டுமே போதும். பாரிசிலே குண்டு வெடித்துக் காலிழந்த வழிப்போக்கன் ஒருவன் அவ்வவையிலே வந்து நின்றிருப்பின், அறுவரின் அச்சம் அவனுக்கு விடையாகுமோ? அசெப்பினால் மாண்டோரின் மனைவிமார் நின்றிருப்பின்? அத்தகையோர் எவரையும் அவையிலே செஸ்டர்ட்டன் புகவிடவில்லை. வழக்குரைக்கும் உரிமையைக் கிரெகரி ஒருவனுக்கே அளித்தார். அவனோ துன்புற்றவனல்லன், துன்புற்றோர் பெயராற் பேசுபவன். நன்னூலார் மொழியிற் கூறின் இது குன்றக் கூறல் என்னும் குற்றமே. ஆசிரியரும் இக்குறையை ஒருவாறு உணர்ந்திருத்தல் வேண்டும். கிரெகரிக்கு விடை கூறி முடித்த சைம் அமையாமல், ஞாயிறின் பக்கந் திரும்பி, ‘நீர் எப்பொழுதாயினும் துன்புற்றதுண்டோ’ என்று வினவுகின்றான். குற்றஞ் சாட்டியவன் கேட்டதையே இப்பொழுது காத்து நின்றவனும் கேட்கின்றான். உடனே அப்பெருமுகம் வானளவும் வளர்ந்து, யாவும் இருண்டு, அக்குரல் மட்டும் கேட்கின்றது. நாவலின் மிக உயர்ந்த இடம் இதுவே. உயர்வுக்குக் காரணம் அங்கே கிடைக்கும் விடையன்று. இரு கட்சியாரும் ஒரே வினாவிற் சந்தித்தமையே.

சைவ சித்தாந்தங் கற்ற வாசகர்க்கு இங்கே வேறொரு நினைவு எழுதல் இயல்பு. ஐந்தொழில்களுள் மறைத்தலும் ஒன்றன்றோ? உயிர்களின் முன்னே தன்னை மறைத்து, உலகையே காட்டி, மறக்கருணையால் அவற்றைப் பக்குவப்படுத்துவான் இறைவன். இருளறையிலே முகங்காட்டாது ஏவல் தந்தவனும், வெளியிலே பகைவனாய் நின்று விரட்டியவனும் ஒருவனே என்னும் கதையைத் திரோதான சத்திக்கு உவமையாக எடுத்துரைப்பது ஒரு வகுப்புக்குச் சுவையான பாடமாகவும் அமையும். ஆனால் ஒப்புமையை அளவிறந்து நீட்டுதல் கூடாது. சித்தாந்தத்தில் மறைத்தலுக்கு மலபரிபாகம் என்னும் பயன் கூறப்பட்டது. அதன் ஒழுங்கும் படிமுறையும் வகுக்கப்பட்டன. ஞாயிறு மறைந்தமைக்குச் செஸ்டர்ட்டன் அத்தகைய பயன் எதனையும் அறுதியிட்டுரைக்கவில்லை. அறுவருள் திங்கள் என்பவன், நீரே எம் தந்தையும் நண்பருமாயின் எமக்குப் பகைவருமாய் நின்றதேன் என்று மனம் ஆறாது கேட்ட வினா ஆறாதபடியே நிற்கின்றது. விடையின்றி விட்டமை தத்துவ நூலுக்குக் குறையாகலாம். கனவென்று தலைப்பிலேயே சொல்லி வந்த கதைக்குக் குறையாகாது.

எழுத்தாளர் இருபது வயதளவில் சித்திரக் கலைக்கூடமொன்றிற் பயின்ற காலத்தே, உலகம் உண்டோ இல்லையோ என்னும் ஐயத்துள் விழுந்து, பைத்தியத்தின் எல்லைவரை சென்று மீண்டவர். இந்நூலை நண்பர் பென்ற்லிக்குக் காணிக்கையாக்கிய செய்யுளிலும் அக்கால இருளையே இருவரும் கூடி நினைவுகூர்வதாக அமைத்தார். மனநோய் மருத்துவர் ஒருவர், சித்தங் கலங்கும் நிலையிலிருந்த சிலர் இந்நாவலைச் சரிவர உணர்ந்தமையாற் காப்பாற்றப்பட்டனர் எனத் தம்மிடம் கூறியதைச் செஸ்டர்ட்டன் தம் சுயசரிதையிலே மகிழ்ச்சியோடு குறித்துள்ளார். அந்நூல் நகைச்சுவையோ, தத்துவமோ என்று வழக்காடியவர்களை அவர் அவ்வளவு மகிழ்ச்சியோடு நினைக்கவில்லை.

நூலின் கடைசிப் பக்கத்தையும் பலர் சப்பென்று முடிந்ததெனக் குறை கூறுவர். இருள் கலைந்து, சைம் ஒரு நாட்டுப்புறப் பாதையிலே கிரெகரியோடு நண்பனைப்போல் உரையாடி நடந்துகொண்டிருப்பதைத் தானே உணர்கின்றான். விழித்தெழுந்தான் என்றுகூட ஆசிரியர் எழுதவில்லை. சற்று முன் பேரவையிலே வழக்காடிய இருவரும் வைகறைக் காற்றிலே அற்ப விடயங்களைப் பேசிச் செல்கின்றனர். தோட்டமொன்றிலே கிரெகரியின் தங்கை, செந்நிறக் கூந்தலையுடைய ரோசமண்ட், காலையுணவுக்கு முன் மலர் கொய்துகொண்டிருக்கின்றாள். முதல் அத்தியாயத்தில் தோன்றியபின் இடையில் ஓரிடத்தும் அவள் வந்ததில்லை. ஆயினும் நடக்கப்போகும் கொடுமைகளுக்கூடே அவள் நினைவு இசையின் பல்லவிபோல் மீண்டும் மீண்டும் எழுந்ததென்று ஆசிரியர் அங்கேயே கூறிவைத்தார். ஆதலின் இம்முடிவு திடீரென ஒட்டவைத்ததன்று. உலகின் முன்புறத்தைக் காண விழைந்து அலைந்தவன், அதனை ஒரு வேலியோரத்திற் காண்கின்றான். அவளோ இவர்கள் வருவதை அறியாமல் மலர்க்கிளையை வெட்டிக்கொண்டு நிற்கின்றாள்.